என்ஜின் மாற்றிய பழைய வண்டியில் ஏசி: நின்றால் குளிர்கிறது, ஓடினால் வெதுவெதுக்கிறது

#1 கார்பரேட்டர்காலம்

வணக்கம் நண்பர்களே. வண்டி 1986 மாடல், பின்சக்கர இயக்கம், நாலு கதவு செடான். பழைய கார்பரேட்டர் என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்ததால் அதை இறக்கிவிட்டு, 2000க்குப் பிறகு வந்த ஒரு 1.8 லிட்டர் இன்ஜெக்ஷன் என்ஜினை ஏற்றினேன். ஆறு மாதம் ஆகிறது. என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எதிலும் குறையில்லை. ஏசிதான் படுத்துகிறது.

என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். புது என்ஜினோடு வந்த கம்ப்ரசர் கிளட்ச் (பெல்ட்டோடு கம்ப்ரசரைச் சேர்த்துப் பிரிக்கும் மின்காந்தப் பிடி) இல்லாத வகை. ஈசியூ (என்ஜினை நடத்தும் கணினி) சொன்னால்தான் உள்ளே இருக்கும் வால்வு திறக்கும். என் பழைய டேஷ்போர்டுக்கு அந்த பாஷை தெரியாது என்பதால் அதைக் கழற்றிவிட்டு கிளட்ச் உள்ள சாண்டன் 7எச்15 கம்ப்ரசர் வாங்கி, 10 மி.மீ. பிளேட்டில் பிராக்கெட் வெட்டி மாட்டினேன். கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியே விட்டு அதைத் திரவமாக்கும் பாகம்) புதிது, பேரலல் ஃப்ளோ வகை. டிரையர் (ஈரம் உறிஞ்சும் டப்பா), எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்குள் கேஸை அளந்து விடுவது), ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் புதிது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலும் அதன் பெட்டியும் மட்டும் பழையவை. கழற்றிக் கழுவித்தான் போட்டேன்.

வண்டி ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்தது. இப்போது அதற்கு மாற்றான ஆர்-134ஏ கேஸ், கம்ப்ரசருக்கு பிஏஜி ஆயில். 45 நிமிடம் வாக்யூம் போட்டேன், அரை மணி நேரம் முள் அசையவில்லை. பழைய ஸ்டிக்கரில் 1,000 கிராம் என்று இருந்தது, 820 கிராம் ஏற்றினேன்.

வெளியே 34 டிகிரி. நின்ற இடத்தில் ஐடிலில் நடு வென்ட்டில் 9 டிகிரி வருகிறது. சந்தோஷமாகக் கிளம்பினால், 2,500 - 3,000 ஆர்பிஎம்மில் பதினைந்து நிமிடம் போனதும் 18, 19க்கு ஏறிவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஐடிலில் விட்டால் ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி 11. எல்லா வண்டியிலும் இதற்கு நேர்மாறாகத்தானே நடக்கும்?

#2 நட்டுபோல்ட்டு

பிரஷர் கேஜ் என்ன காட்டுகிறது? இரண்டு பக்கமும் எழுதுங்கள். கேஜ் மாட்டாமல் ஏசியைப் பற்றிப் பேசுவது கிளி ஜோசியம்.

#3 கார்பரேட்டர்காலம்

1,500 ஆர்பிஎம், கதவுகள் திறந்து, ப்ளோவர் முழு வேகம்: லோ (கம்ப்ரசருக்குள் போகும் பக்கம்) 32 பிஎஸ்ஐ, ஹை (வெளியே வரும் பக்கம்) 215 பிஎஸ்ஐ. ஓடும்போது எடுக்க வழியில்லை, போனட்டுக்கு அடியில் ஆள் உட்கார முடியாதே. நிறுத்தியபடியே 3,000 வரை ஏற்றிப் பார்த்தேன். லோ 27க்கு இறங்கி, கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. ஹை 225.

#4 கேஜ்வாசகன்

இந்த எண்களைப் பிரேம் போட்டு மாட்டலாம் போல இருக்கிறது. 134ஏவுக்கு 32 பிஎஸ்ஐ என்றால் காயிலுக்குள் கேஸ் சுமார் 3 டிகிரியில் கொதிக்கிறது. 215 பிஎஸ்ஐ என்றால் கண்டன்சரில் சுமார் 58 டிகிரியில் திரவமாகிறது, அதாவது வெளிக்காற்றைவிட 24 டிகிரி அதிகம். பேரலல் ஃப்ளோ கண்டன்சர் போட்ட பழைய வண்டிக்கு இது நல்ல கணக்கு. கேஸ் அளவும் சரி. ஸ்டிக்கர் அளவில் 80 முதல் 85 சதவீதம் என்பது தொடங்குவதற்கான கணக்குதான். ஹோஸும் கண்டன்சரும் மாறிய பிறகு பிரஷரையும் வென்ட் டிகிரியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அதையும் பார்த்துவிட்டீர்கள்.

கேஸைத் தொடாதீர்கள். இனி யார் வந்து "கொஞ்சம் கூடப் போடுங்க" என்றாலும் காதில் வாங்காதீர்கள்.

#5 பனிக்கட்டி

எனக்குத் தெரிந்துவிட்டது! காயில் உறைகிறது. 3,000 ஆர்பிஎம்மில் லோ 27க்கு வருகிறது என்கிறீர்களே, 28க்குக் கீழே போனாலே காயில் பூஜ்யத்துக்கும் கீழே. அதன்மேல் படியும் ஈரம் பனியாகிக் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். நின்றால் பனி உருகிவிடும், மறுபடி குளிரும். புது கம்ப்ரசர் பெரியது, பழைய காயில் சின்னது. 7எச்15 என்றால் ஒரு சுற்றுக்கு 155 சிசி. 5எச்14 போட்டிருந்தால் 138தான். காயில் தெர்மோஸ்டாட்டின் (காயில் ரொம்பக் குளிர்ந்தால் கிளட்ச்சை விடும் சுவிட்ச்) முனை இறக்கைகளுக்குள் சரியாகச் செருகியிருக்கிறதா? பெட்டியைக் கழற்றியபோது வெளியே வந்திருக்கும்.

#6 கேஜ்வாசகன்

நல்ல சந்தேகம்தான். ஆனால் உறைந்தால் முதலில் குறைவது குளிர்ச்சி அல்ல, காற்று. வென்ட்டில் கை வைத்தால் ஊதுவதே குறைந்திருக்கும். நிறுத்திய பிறகு வண்டிக்கு அடியில் குடம் கவிழ்ந்த மாதிரி தண்ணீர் கொட்டும். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே?

#7 கார்பரேட்டர்காலம்

காற்று குறையவே இல்லை. புயல் மாதிரி வருகிறது, வெதுவெதுப்பான புயல். தெர்மோஸ்டாட் முனை இரண்டு அங்குலம் உள்ளே இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். 27ல் கிளட்ச் விடுவதே அது வேலை செய்வதால்தான் என்று நினைக்கிறேன்.

#8 ரிலேராஜா

வயரிங் ஆள் வந்துவிட்டேன். என்ஜின் மாற்றிய வண்டியில் இன்னொரு சாத்தியம், ஓடும்போது யாரோ கிளட்ச்சை அணைக்கிறார்கள்.

பழைய வண்டியில் ஏசி சுவிட்சைப் போட்டால் தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் வழியாக மின்சாரம் நேராகக் கிளட்ச்சுக்கே போகும். யாரையும் கேட்காது. இன்ஜெக்ஷன் என்ஜினில் அப்படிச் செய்தால் கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் ஈசியூ அசந்துபோகும், சிக்னலில் நிற்கும்போது என்ஜின் தள்ளாடி அணையும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும். சுவிட்ச், தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் மூன்றையும் தாண்டி வரும் ஒயர் ஈசியூவின் "ஏசி வேண்டும்" என்ற உள்ளீட்டுக்குப் போக வேண்டும். ஈசியூ முதலில் ஐடிலைத் தூக்கிக்கொண்டு, பிறகு ரிலேயை இழுக்கும். ரிலேதான் கிளட்ச்சுக்குக் கரண்ட் கொடுக்கும். கிளட்ச் சுருள் 3 - 4 ஆம்பியர் இழுக்கும், அதைச் சின்ன சுவிட்ச் வழியாக அனுப்பாதீர்கள். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு போடுங்கள். கிளட்ச் விடும்போது எதிர்த்திசையில் பாயும் மின்னழுத்தம் ஈசியூவைக் கடிக்காது.

ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் சில நொடிகள் ஈசியூ கம்ப்ரசரை விடுவது வழக்கம். கூலன்ட் சூடு எல்லை மீறினாலும் விடும். இன்னொன்று, சில ஈசியூக்கள் கேஸ் பிரஷர் சென்சாரைத் தேடும். அது இல்லையென்றால் ஏசியையே மறுக்கும், அல்லது அவ்வப்போது மறுக்கும்.

கிளட்ச் ஒயரிலிருந்து ஒரு சின்ன பல்பை இழுத்து டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டு ஓட்டுங்கள். வெதுவெதுப்பு வரும் நேரத்தில் பல்பு எரிகிறதா என்று பாருங்கள்.

#9 கார்பரேட்டர்காலம்

வயரிங் நீங்கள் சொன்ன வரிசையில்தான் இருக்கிறது, பிரஷர் சுவிட்ச் மூன்று நிலை வகை. பல்பு யோசனை அருமை. நீண்ட தூரம் ஓட்ட ஞாயிற்றுக்கிழமைதான் நேரம், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

#10 காஸ்அடுப்பு

எதற்கு இவ்வளவு அலைச்சல்? 134ஏவை இறக்கிவிட்டுச் சமையல் கேஸ் ஏற்றுங்கள். ஐஸ் மாதிரி குளிரும், ஆயிலும் மாற்ற வேண்டாம்.

#11 நட்டுபோல்ட்டு

டேஷ்போர்டுக்குள் இருக்கும் காயில் ஒரு நாள் ஒழுகினால், எரியும் கேஸ் நேராக உங்கள் மடியில். வண்டிக்குள் சிகரெட் பற்றவைக்கும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். வேண்டாம்.

134ஏவை "இறக்கிவிடுவது" என்றால் காற்றில் திறந்துவிடுவது இல்லை, மெஷினில் பிடிக்க வேண்டும். ஒரு கிலோ 134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 1,300 - 1,500 மடங்கு சூடேற்றும். ஓசோனைத் தின்றதால்தான் ஆர்-12ஐ 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு நிறுத்தினார்கள், அதற்கு மாற்றாக வந்ததிலும் இந்தக் குறை.

#12 டர்போதாசன்

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும், என் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பழைய வண்டி, டர்போ என்ஜின் ஏற்றியிருக்கிறேன். மேட்டில் அழுத்திப் போனால் முகத்துக்கு வரும் காற்று நின்று கண்ணாடிக்குப் போய்விடுகிறது. மேடு முடிந்தால் திரும்பி வருகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

#13 பாட்டன்வண்டி

பேய் இல்லை தம்பி, வாக்யூம். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் காற்றுக் கதவுகளை இழுப்பது என்ஜின் மேனிஃபோல்டின் (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) உறிஞ்சல்தான். உறிஞ்சல் போனால் கதவு தானாகக் கண்ணாடிப் பக்கம் சாயும்படி வைத்திருப்பார்கள், எது பழுதானாலும் கண்ணாடி மட்டும் பனி மூடக்கூடாது என்று. உன் டர்போ அழுத்தும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சலுக்குப் பதில் ஊதல். மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாயில் ஒரு வழி வால்வு ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு வாக்யூம் டப்பா. இரண்டும் பழைய என்ஜின் பக்கத்தில் இருந்திருக்கும், கழற்றும்போது குப்பையோடு போயிருக்கும். டீசல் ஏற்றுபவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன்: டீசலில் மேனிஃபோல்டு உறிஞ்சலை நம்ப முடியாது, பிரேக்குக்கு இருக்கும் வாக்யூம் பம்ப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

#14 புதுக்கை

அண்ணன்மார்களே, நான் இன்னும் என்ஜினையே ஏற்றவில்லை. அடுத்த மாதம்தான். ஏசி எனக்கு முக்கியம், அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. எதை முதலில் பார்க்க வேண்டும்? பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டால் பெல்ட், பிராக்கெட் தொல்லையே இல்லையாமே?

#15 பாட்டன்வண்டி

பேட்டரி கம்ப்ரசரை முதலில் முடித்துவிடுவோம். ஒரு செடானைக் கொளுத்தும் வெயிலில் குளிர்விக்க மூன்றரை கிலோவாட் குளிர்ச்சி வேண்டும் என்று வை. அதற்குப் பாதி அளவு மின்சாரம் இழுக்கும் என்றாலும் 13.5 வோல்ட்டில் 130 ஆம்பியர். உன் ஆல்டர்னேட்டர் கை கூப்பிவிடும்.

என்ஜின் தொங்கும்போதே ஏசியைப் பார். எல்லாரும் மவுண்ட் வெல்டிங், சைலன்சர், ரேடியேட்டர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் "ஆமாம், கம்ப்ரசர் எங்கே?" என்பார்கள். அப்போது இடம் இருக்காது. புது என்ஜின் வந்த வண்டியில் கம்ப்ரசர் கீழே ஒரு மூலையில் சுகமாக உட்கார்ந்திருக்கும், உன் வண்டியில் அதே மூலையில் சேஸிஸ் ஓடும். எல்எஸ் வி8 (ஜிஎம் கம்பெனியின் எட்டு சிலிண்டர் என்ஜின்) ஏற்றுபவர்கள் புலம்புவது இதைத்தான்: லாரி வகை பிராக்கெட்டில் கம்ப்ரசர் வலது பக்கம் தாழ்வாக வரும், பழைய கார்களின் சேஸிஸில் இடிக்கும். மவுண்ட்டை 15 மி.மீ. நகர்த்தினால் தீர்கிற விஷயத்துக்கு வெல்டிங் முடிந்த பிறகு சேஸிஸை வெட்டுவார்கள்.

ஒரு கணக்கை மனசில் வை. கம்ப்ரசர் என்ஜினோடு போகும், எக்ஸ்பான்ஷன் வால்வும் காயிலும் வண்டியோடு நிற்கும். நடுவில் இருக்கும் ஹோஸ்தான் இரண்டையும் கட்டிவைக்கிறது. உன் வண்டியில் எக்ஸ்பான்ஷன் வால்வு என்றால் டிரையர் கண்டன்சருக்கும் வால்வுக்கும் நடுவில் வர வேண்டும். ஆரிஃபிஸ் டியூப் (வால்வுக்குப் பதில் சிறு துளைக் குழாய்) என்றால் டப்பா காயிலுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில். என்ஜின் கொடுத்த வண்டியில் இருந்தது என்பதற்காக அந்த டப்பாவைக் கொண்டுவந்து இதில் மாட்டாதே. டேஷ்போர்டுக்குள் எது இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கும்.

என்ஜினோடு வரும் கம்ப்ரசரில் கிளட்ச் இருந்தால் அதையே வை. அதன் பிராக்கெட் தொழிற்சாலையில் கணக்குப் போட்டுச் செய்தது, நீயும் நானும் கிரைண்டரில் வெட்டுவதைவிட எப்போதும் நேராக இருக்கும். வேறு கம்ப்ரசர்தான் என்றால் பெல்ட் வரிசையைப் பார், ஒரு மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் கத்தும், அப்புறம் தின்னும். பிளேட் மெல்லியதாக இருந்தால் ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் வளையும், ஒரு வருடத்தில் வெடிக்கும். கம்ப்ரசரைத் தலைகீழாக மாட்டக்கூடாது, ஆயில் எங்கே தேங்கும் என்று யோசி.

ஹோஸை நீளம் அளக்கும்போது என்ஜின் உறுமினால் எவ்வளவு சாயும் என்பதையும் சேர்த்து அள. என்ஜினிலிருந்து பாடிக்கு நேராக அலுமினியக் குழாய் இழுத்த ஒரு மேதையின் வண்டியைப் பார்த்தேன். மூன்றாவது மாதம் கழுத்தில் கீறல், கேஸ் காலி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போனால் தகடு மறைப்பு வேண்டும். ஹோஸ் 134ஏவுக்கான பேரியர் (கேஸ் கசிய விடாத உள்ளுறை கொண்ட) வகைதான்.

#16 புதுக்கை

நன்றி அண்ணா. என்ஜினை மறுபடி செயினில் மாட்டிவைத்து அளக்கப் போகிறேன்.

#17 நட்டுபோல்ட்டு

ரேடியேட்டர் ஃபேனையும் சேர்த்துக்கொள் தம்பி. பழைய என்ஜினின் மூக்கில் சுற்றிய ஃபேன் போய்விடும், மின்சார ஃபேன் வரும். கண்டன்சரின் சூடும் பெரிய என்ஜினின் சூடும் ஒரே வழியில்தான் வெளியே போக வேண்டும். ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய காற்றுக் கூடு) இல்லாமல் ஃபேனை மட்டும் நடுவில் கட்டினால், ஃபேன் இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்று வரும், மீதி கண்டன்சர் சும்மா நிற்கும்.

#18 கார்பரேட்டர்காலம்

ஞாயிறு ஓட்டம் முடிந்தது. பல்பு நன்றாக எரிகிறது. வென்ட்டில் 18 டிகிரி வரும்போதும் எரிகிறது, தெர்மோஸ்டாட் கணக்கில் அணைந்து அணைந்து பிடிக்கிறது. காற்று முகத்துக்கே வருகிறது, கண்ணாடிக்குப் போகவில்லை. நிறுத்திய உடனே போனட்டைத் திறந்து ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) காயிலிலிருந்து வெளியே வரும் தடித்த குழாயைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருக்கிறது!

குழாய் சில்லென்று இருக்கிறது, உள்ளே காற்று வெதுவெதுப்பு. எனக்குப் புரியவில்லை.

#19 பாட்டன்வண்டி

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. உன் ஏசியில் எந்தக் கோளாறும் இல்லை. ஹீட்டர் ஓடுகிறது.

பெட்டிக்குள் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டும், அடுத்து ஹீட்டர் கோரை (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) தாண்டும் அல்லது அதன் பக்கமாகப் போகும். காயில் 8 டிகிரிக்குக் குளிர்வித்த காற்றை அடுத்த அடியில் 85 டிகிரி கூலன்ட் சூடாக்கினால் கேஜில் எதுவும் தெரியாது. பிரஷர் படம் போட்ட மாதிரிதான் இருக்கும். உன் காலத்து வண்டிகள் பலவற்றில் ஹீட்டர் தண்ணீரை நிறுத்த ஹோஸில் ஒரு வால்வு இருக்கும், கேபிளில் இழுப்பது. ஐடிலில் வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றும், ஓட்டை வால்வுகூடத் தாங்கும். 3,000ல் பம்ப் தள்ளும்போது தாங்காது.

ஓட்டிவிட்டு வந்து ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார். குளிர் பக்கம் வைத்திருந்தும் இரண்டுமே கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது. அப்புறம் துணி சுற்றிய பிளையரால் ஒரு ஹோஸை நெரித்துவிட்டு அதே தூரம் ஓட்டு. சூடு முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

#20 பனிக்கட்டி

அடடா. நான் காயிலை விட்டு நகரவே இல்லை.

#21 கார்பரேட்டர்காலம்

இரண்டு ஹோஸும் கை வைக்க முடியாத சூடு. நெரித்துவிட்டு ஓட்டினேன். இருபது நிமிடம், 3,000 ஆர்பிஎம், வென்ட்டில் 8 டிகிரி. எட்டு! என் மனைவி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.

ஆனால் வால்வு புதிது. என்ஜின் ஏற்றும்போதுதான் மாற்றினேன். கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், மூடினால் நன்றாக அடைக்கிறது.

#22 பாட்டன்வண்டி

எந்தப் பக்கத்திலிருந்து ஊதினாய்? வால்வின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், பார்.

#23 கார்பரேட்டர்காலம்

அம்பு ஹீட்டரை நோக்கி இருக்கிறது, பழைய என்ஜினில் இருந்த மாதிரியேதான் மாட்டியிருக்கிறேன். ஆனால்... பழைய என்ஜினில் சுடுதண்ணீர் எந்த மூக்கிலிருந்து (ஹோஸ் செருகும் குழாய்முனை) வந்ததோ அதே பக்கம் இருந்த மூக்கில்தான் இதிலும் ஹோஸைச் செருகினேன். புது என்ஜினில் அந்த மூக்கு பம்ப்புக்குத் திரும்பும் வழி. சுடுதண்ணீர் ஹெட்டின் பின்பக்கத்து மூக்கிலிருந்து வருகிறது. தண்ணீர் ஆறு மாதமாகத் தலைகீழாக ஓடியிருக்கிறது.

#24 பாட்டன்வண்டி

அவ்வளவுதான். வால்வுக்குள் இருக்கும் தட்டு, அம்பு காட்டும் பக்கம் தண்ணீர் தள்ளினால் வால்வின் வாயில் அழுந்தி அடைக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் தூக்கிவிடும். ஹீட்டர் என்னவோ இரண்டு திசையிலும் சூடாகும், அதனால் யாருக்கும் தெரியாது. ஹோஸ் இரண்டையும் என்ஜின் பக்கத்தில் மாற்றிச் செருகு.

#25 கேஜ்வாசகன்

மாற்றும் முன் ஒன்று. எல்லா என்ஜினிலும் ஹீட்டர் வழியை முழுக்க அடைக்கக் கூடாது. என்ஜின் தெர்மோஸ்டாட் (காயிலில் இருப்பது அல்ல, கூலன்ட்டுக்கானது) தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருக்கும் சில என்ஜின்கள், ஹீட்டர் வழியாகச் சுற்றிவரும் தண்ணீரை வைத்துத்தான் சூட்டை உணரும். அதை அடைத்தால் தெர்மோஸ்டாட் தாமதமாகத் திறக்கும், முள் ஏறி இறங்கி ஆடும். உங்கள் என்ஜினில் தனி பைபாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாலு மூக்கு வால்வு போடுங்கள், அது ஹீட்டரை மூடும்போது தண்ணீரை என்ஜினுக்கே திருப்பிவிடும்.

#26 கார்பரேட்டர்காலம்

தனி பைபாஸ் இருக்கிறது, ஹெட்டிலிருந்து தெர்மோஸ்டாட் பெட்டிக்கு விரல் தடிமனில் ஒரு குழாய். நெரித்து ஓட்டியபோதும் முள் ஆடவில்லை.

நேற்று ஹோஸ்களை மாற்றிச் செருகினேன். கூலன்ட் ஊற்றிக் காற்று எடுக்க ஒரு மணி நேரம். மாற்றுவதற்குப் பத்து நிமிடம். இன்று மதியம் 36 டிகிரியில் நாற்பது நிமிடம் ஓட்டினேன். நடு வென்ட் 8, ஓர வென்ட் 9. நின்றாலும் ஓடினாலும் அதேதான்.

போன வாரம் ஒருவர் பேச்சைக் கேட்டு இரண்டாவது கண்டன்சர் ஆர்டர் செய்ய இருந்தேன் என்பதை இப்போது சொல்லலாம்.

#27 டர்போதாசன்

எனக்கும் தீர்ந்தது. ஒரு வழி வால்வு, டப்பா. மேட்டிலும் காற்று முகத்துக்கே. பழைய டப்பா என் ஷெட்டில் திருகாணி போட்டு வைக்கும் பாத்திரமாக இருந்தது.

#28 புதுக்கை

என்ஜினைத் தொங்கவிட்டு அளந்தேன். கம்ப்ரசருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் 4 மி.மீ. போதுமா அண்ணா?

#29 பாட்டன்வண்டி

போதாது. என்ஜின் சாயும்போது இடிக்கும். மவுண்ட் இன்னும் வெல்டிங் ஆகவில்லையே? அந்தப் பக்கம் 10 மி.மீ. தூக்கிவிட்டு மறுபடி அள. போனட் மூடுகிறதா என்றும் பார்.